ஆசிட் டெஸ்ட்: நகைப் பட்டறையிலிருந்து நம் சங்கக் கணக்கு வரை

(நம் குடியிருப்பின் மாதாந்திரச் சந்திப்பில் ‘ஒரு சொல், ஒரு செய்தி’ பகுதியில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர இயலாதவர்களும் படிக்கட்டும் என்று செயலாளர் கேட்டதால் எழுதித் தந்திருக்கிறேன்.)



இந்த முறை நான் எடுத்துக்கொண்ட சொல் ‘ஆசிட் டெஸ்ட்’. இதைக் கேட்காதவர் யாரும் இருக்க மாட்டீர்கள். இங்கிலாந்து மண்ணில் புதிய தொடக்க ஆட்டக்காரர் களமிறங்கினால் ‘இதுதான் அவருக்கு ஆசிட் டெஸ்ட்’ என்கிறார் வர்ணனையாளர். இடைத்தேர்தல் வந்தால் ஆளுங்கட்சிக்கு ஆசிட் டெஸ்ட். அலுவலகத்தில் புது மேனேஜருக்கு முதல் மூன்று மாதம் ஆசிட் டெஸ்ட். தமிழ்ப் பத்திரிகைகள் சில நேரம் ‘அமிலச் சோதனை’ என்றும், பல நேரம் ‘அக்னிப் பரீட்சை’ என்றும் எழுதுகின்றன. நாமும் ‘ரொம்பக் கஷ்டமான பரீட்சை போல’ என்று புரிந்துகொண்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம்.

அந்தப் புரிதல் பாதிதான் சரி. மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்தப் பேச்சு. நான் பி.காம். படித்தவன். வேதியியல் எனக்குப் பள்ளிக்கூடத்தோடு சரி. ஆனால் வங்கியில் குமாஸ்தாவாக இருந்த வருடங்களில் இந்தச் சொல்லை இரண்டு மேசைகளில் பார்த்திருக்கிறேன். நகைக் கடன் மேசையில் அது ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியாக இருந்தது. கடன் பிரிவு மேசையில் அது ஒரு வகுத்தல் கணக்காக இருந்தது. இரண்டும் ஒரே சொல்தான், ஒரே வேலையைத்தான் செய்தது. அந்த வேலை என்ன என்று பார்ப்போம்.

முதலில் ‘ஆசிட்’. லத்தீன் மொழியில் ‘ஆசிடஸ்’ என்றால் புளிப்பு. நாம் சொல்லும் ‘அமிலம்’ வடமொழியில் புளிப்பைக் குறிக்கும் ‘அம்லம்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. ஆக இரண்டு ஊர்க்காரர்களும் நாக்கை வைத்துத்தான் பெயர் சூட்டியிருக்கிறார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் ‘திராவகம்’ என்பார்கள். கரைப்பது, உருக்குவது என்று அதற்குப் பொருள். நம் கதைக்கு இந்தப் பெயர்தான் இன்னும் பொருத்தம்.

அடுத்தது ‘டெஸ்ட்’. இதில்தான் எனக்கே ஆச்சரியம். பள்ளிக்கூடத்து வாராந்திர டெஸ்டும் ரத்த டெஸ்டும் கிரிக்கெட் டெஸ்டும் ஒரு மண்பாத்திரத்திலிருந்து வந்தவை. லத்தீனில் ‘டெஸ்டம்’ என்றால் மண்சட்டி. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது, பொன்னையும் வெள்ளியையும் உருக்கிச் சுத்தம் பார்க்கிற சிறு கிண்ணத்துக்கு ‘டெஸ்ட்’ என்று பெயர். எலும்புச் சாம்பலில் செய்யும் அந்தக் கிண்ணத்தில் பொன்னோடு ஈயத்தையும் சேர்த்து நன்றாகச் சூடேற்றுவார்கள். செம்பு முதலான மட்ட உலோகங்கள் ஈயத்தோடு சேர்ந்து ஆக்சைடாகிக் கிண்ணத்துக்குள் ஊறிப் போய்விடும். மேலே ஒரு மணி போலப் பொன்னும் வெள்ளியும் மட்டும் நிற்கும். கிண்ணத்தின் பெயர் பிறகு அந்தச் செயலுக்கு ஆகி, ஷேக்ஸ்பியர் காலத்துக்குள் எந்தச் சோதனைக்கும் ஆகிவிட்டது.

கிண்ணத்தில் மிஞ்சிய மணியில் வெள்ளி கலந்திருக்கிறதே, அதை எப்படிப் பிரிப்பது? அங்கேதான் ஆசிட் வருகிறது. நைட்ரிக் அமிலத்தில் போட்டால் வெள்ளி கரைந்துவிடும், தங்கம் அப்படியே கிடக்கும். ஆகவே ‘ஆசிட் டெஸ்ட்’ என்ற தொடரில் இரண்டு சொற்களுமே பொன் வேலைக்காரர்களின் பட்டறையிலிருந்து வந்தவை.

நம்மிடமும் இதே கதை உண்டு. ‘புடம் போட்ட தங்கம் போன்றவர்’ என்று ஒருவரைப் புகழ்கிறோம். புடம் என்பதும் மண் அகலுக்குள் மூடி வைத்துத் தீயிடுவதுதான். ‘பத்தரை மாற்றுத் தங்கம்’ என்கிறோம். மாற்று என்பது தங்கத்தின் தரத்தைச் சொல்லும் பழைய அளவு. சுத்தமான பொன்னுக்குப் பத்தரை. ‘என்னை உரசிப் பார்க்கிறான்’ என்று சொல்கிறோமே, அது உரைகல்லில் தங்கத்தை உரசுவதுதான். மனிதரை எடைபோட வேண்டி வந்தபோது, உலகத்தின் இரண்டு மூலைகளில் இருந்தவர்களும் பொற்கொல்லரிடம்தான் சொல் கடன் வாங்கியிருக்கிறார்கள்.

சரி, நகைக் கடன் மேசையில் அந்தச் சோதனை எப்படி நடக்கும்? பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அப்ரைசர் கறுப்பான, வழவழப்பான உரைகல்லில் நகையை லேசாக உரசுவார். கல்லில் ஒரு பொன் கோடு விழும். பக்கத்திலேயே தரம் தெரிந்த தங்கத்தால் இன்னொரு கோடு இழுப்பார். இரண்டு கோடுகளின் மேலும் ஒரு சொட்டு அமிலம். பித்தளையாக இருந்தால் கோடு பச்சையாக நுரைத்து மறைந்துவிடும். தரம் குறைந்த தங்கமாக இருந்தால் கோடு மங்கும். நல்ல தங்கமாக இருந்தால் பக்கத்துக் கோட்டைப் போலவே அசையாமல் நிற்கும். 22 காரட் போன்ற உயர்ந்த தரங்களை வேறுபடுத்தி அறிய வெறும் நைட்ரிக் அமிலம் போதாது, அதில் சிறிது ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்த கரைசல் வேண்டும்.

இதில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, சோதனை சில விநாடிகளில் முடிந்துவிடுகிறது. இரண்டு, நகைக்கு ஒன்றும் ஆவதில்லை. ஒரு கோடு அளவுதான் செலவு. மூன்றாவதுதான் முக்கியம். அமிலம் தங்கத்தை எதுவும் செய்வதில்லை. தங்கம் அல்லாததைத்தான் தின்கிறது. ‘ஆசிட் டெஸ்ட்’ என்றால் கஷ்டமான பரீட்சை என்று மட்டும் சொன்னால் இந்த மூன்றாவது விஷயம் விட்டுப்போகிறது. போலியெல்லாம் போன பிறகு மிச்சம் என்ன நிற்கிறது என்று கேட்பதுதான் ஆசிட் டெஸ்ட்.

தங்கத்தைக் கரைக்கும் அமிலமே இல்லையா என்று சிறுவர்கள் கேட்பார்கள். இருக்கிறது. நைட்ரிக் அமிலம் ஒரு பங்கு, ஹைட்ரோகுளோரிக் அமிலம் மூன்று பங்கு சேர்த்தால் கிடைப்பது இராஜ திராவகம். உலோகங்களின் ராஜாவையே கரைப்பதால் அந்தப் பெயர். 1940இல் ஜெர்மானியப் படை டென்மார்க்குக்குள் நுழைந்தபோது, கோபன்ஹேகனில் நீல்ஸ் போரின் ஆய்வகத்தில் இரண்டு ஜெர்மானிய விஞ்ஞானிகளின் நோபல் பதக்கங்கள் பாதுகாப்புக்காக இருந்தன. மேக்ஸ் வான் லாவே, ஜேம்ஸ் ஃபிராங்க் இருவருடையவை. அப்போது ஜெர்மனியிலிருந்து தங்கத்தை வெளியே அனுப்புவது பெரிய குற்றம். பதக்கங்களில் பெயர் வேறு பொறித்திருந்தது. அங்கே வேலை செய்த ஹெவெசி என்ற வேதியியலாளர் இரண்டையும் இராஜ திராவகத்தில் கரைத்து, குடுவையை மற்றக் குடுவைகளோடு அலமாரியில் வைத்துவிட்டார். சோதனை போட வந்தவர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போர் முடிந்த பிறகு அந்தக் கரைசலிலிருந்து தங்கத்தை மீட்டு, மறுபடி பதக்கங்களாக வார்த்துக் கொடுத்தார்கள். கரைந்தாலும் தங்கம் தங்கம்தான்.

இனி, பட்டறைச் சொல் எப்படி ஊர்ச் சொல்லானது என்று பார்ப்போம். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கர்கள் இதைப் பொருட்களின் தரம், மனிதர்களின் குணம் ஆகியவற்றுக்குப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். உலகம் முழுக்கப் பரவக் காரணமாக இருந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சன். முதல் உலகப் போரின்போது, 1918 ஜனவரி 8ஆம் தேதி, அமெரிக்க நாடாளுமன்றத்தில் அவர் தமது புகழ்பெற்ற 14 அம்சங்களை அறிவித்தார். அதில் ஆறாவது அம்சம் ரஷ்யாவைப் பற்றியது. அங்கே புரட்சி நடந்து சில வாரங்களே ஆகியிருந்தன. வரும் மாதங்களில் ரஷ்யாவை மற்ற நாடுகள் எப்படி நடத்துகின்றன என்பதே அந்த நாடுகளின் நல்லெண்ணத்துக்கு ஆசிட் டெஸ்ட் என்ற கருத்தில் பேசினார்.

இங்கே சோதனைக்கு உட்பட்டது ரஷ்யா அல்ல என்பதைக் கவனியுங்கள். ‘நாங்கள் உன் நண்பர்கள்’ என்று சொல்லும் நாடுகள்தான் உரைகல்லின் மேல் இருந்தன. அமெரிக்காவும் அவற்றில் ஒன்று. பிறகு என்ன நடந்தது? அதே 1918ஆம் வருடம் முடிவதற்குள் பிரிட்டன், ஜப்பான் படைகளோடு அமெரிக்கப் படைகளும் ரஷ்ய மண்ணில் இறங்கியிருந்தன. வடக்கே ஆர்க்காங்கெல்ஸ்க், கிழக்கே விளாடிவாஸ்டாக். அனுப்பியவர் அதே வில்சன். அவர் தரப்பில் காரணங்கள் சொல்லப்பட்டன. போர்த் தளவாடங்களைக் காக்க வேண்டும், சிக்கிக்கொண்ட செக் வீரர்களுக்கு உதவ வேண்டும் என்றெல்லாம். காரணம் எதுவானாலும், சோதனையை அறிவித்தவரே சோதனைக்குள் வந்துவிட்டார். இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் நம் குடியிருப்புக்கே இது தேவைப்படும்.

இதற்குள் சிலருக்கு ‘லிட்மஸ் டெஸ்ட்’ நினைவுக்கு வந்திருக்கும். இரண்டையும் ஒன்று போலப் பேசுகிறோம், ஆனால் ஒன்றல்ல. லிட்மஸ் என்பது லைக்கன் என்ற பாசி போன்ற உயிரியிலிருந்து எடுக்கும் சாயம். அமிலத்தில் சிவப்பாகும், காரத்தில் நீலமாகும். நம் வீட்டு ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் இதே ரகம்தான். மஞ்சள் காரத்தைக் காட்டிக் கொடுக்கிறது. ஆக, லிட்மஸ் ஒருவர் எந்தப் பக்கம் என்று சொல்லும். அவர் அசலா போலியா என்று சொல்லாது. ஓர் உறுப்பினர் செலவுத் தீர்மானத்துக்குக் கை தூக்குகிறாரா இல்லையா என்பது லிட்மஸ். தீர்மானம் நிறைவேறிய பிறகு தம் பங்கைக் கட்டுகிறாரா என்பது ஆசிட்.

அக்னிப் பரீட்சையும் வேறு. அது ஒரு பழியைத் துடைப்பதற்காக ஊரார் முன்னால் நிற்பது. அதில் வேதனையும் அவமானமும் இருக்கிறது. ஆசிட் டெஸ்டில் பழியும் இல்லை, அவமானமும் இல்லை. அது வழக்கமான வேலை. வங்கியில் கோடீஸ்வரர் நகை கொண்டுவந்தாலும் உரசித்தான் பார்ப்பார்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

இனி இரண்டாவது மேசைக்கு வருகிறேன். வணிகவியல் படித்தவர்களுக்கு ‘ஆசிட் டெஸ்ட் ரேஷியோ’ தெரியும். ஒரு நிறுவனம் கடன் கேட்டு வந்தால் வங்கி முதலில் பார்ப்பது நடப்பு விகிதம். ஒரு வருடத்துக்குள் பணமாகக்கூடிய சொத்துக்களை, ஒரு வருடத்துக்குள் கட்ட வேண்டிய பொறுப்புகளால் வகுப்பது. இரண்டுக்கு ஒன்று இருந்தால் நல்லது என்று பாடப்புத்தகம் சொல்லும். ரிசர்வ் வங்கி 1974இல் அமைத்த டாண்டன் குழுவின் பரிந்துரைக்குப் பிறகு 1.33 என்பது வங்கிக்காரர்கள் வாயில் அடிக்கடி வரும் எண் ஆனது. ஆனால் இந்தச் சொத்துக்களில் கிடங்கில் கிடக்கும் சரக்கும் அடக்கம். நெருக்கடி வந்தால் சரக்கை உடனே விற்க முடியுமா? முன்கூட்டியே கட்டிவிட்ட இன்சூரன்ஸ் பிரீமியமும் கணக்கில் சொத்துதான். அதைக் கொண்டுபோய்க் கரண்ட் பில் கட்ட முடியுமா? ஆகவே சரக்கையும் முன்செலவையும் கழித்துவிட்டு மறுபடி வகுப்பார்கள். அதுதான் ஆசிட் டெஸ்ட் விகிதம். ஒன்றுக்கு ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது பொது விதி. அமிலம் ஊற்றியாகிவிட்டது, செம்பு போய்விட்டது, தங்கம் எவ்வளவு என்று கேட்கும் கணக்கு.

இதை ஒரு குடியிருப்புச் சங்கத்துக்குப் போட்டுப் பார்ப்போம். நம் சங்கம் அல்ல, கணக்குக்காக நான் கற்பனை செய்துகொண்ட சங்கம். 60 வீடுகள். வரவு செலவு அறிக்கையில் நடப்புச் சொத்துக்கள் இப்படி இருக்கின்றன. வங்கிக் கணக்கில் 2,10,000 ரூபாய். வீட்டுக்காரர்களிடமிருந்து வர வேண்டிய மெயின்டனன்ஸ் பாக்கி 3,60,000. லிஃப்ட் ஏஎம்சிக்கும் இன்சூரன்ஸுக்கும் முன்கூட்டியே கட்டியது 1,20,000. ஜெனரேட்டர் டீசல், பல்பு, உதிரி பாகங்கள் 30,000. மொத்தம் 7,20,000.

கட்ட வேண்டியவை: பொது மின்கட்டணம் 90,000. செக்யூரிட்டி, துப்புரவு ஏஜென்சிகளுக்கு 1,70,000. லிஃப்ட் பழுதுக்கு 60,000. தண்ணீர் லாரிக்கு 40,000. மொத்தம் 3,60,000.

நடப்பு விகிதம் சரியாக இரண்டுக்கு ஒன்று. பொதுக்குழுவில் கைதட்டல் கிடைக்கும். இனி அமிலத்தை ஊற்றுவோம். டீசலும் உதிரி பாகங்களும் முன்செலவும் போனால் மிச்சம் 5,70,000. விகிதம் 1.58. இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பாக்கி 3,60,000இல் 2,40,000 ஒரு வருடத்துக்கும் மேற்பட்ட பாக்கி என்று வையுங்கள். நீங்களே சொல்லுங்கள், ஒரு வருடம் வராத பணம் அடுத்த வாரம் வருமா? அதையும் கழித்தால் 3,30,000. விகிதம் 0.92. ஒன்றுக்குக் கீழே வந்துவிட்டது. பாக்கி முழுவதையும் விட்டுவிட்டு, கையில் இருக்கும் 2,10,000ஐ மட்டும் வைத்தால் 0.58. அதாவது கட்ட வேண்டிய ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் கையில் இருப்பது 58 ரூபாய்.

அறிக்கையில் ஒரு எண்ணும் பொய் இல்லை. பொருளாளர் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனாலும் 2 என்ற எண்ணுக்கும் 0.58 என்ற எண்ணுக்கும் நடுவில்தான் அந்தச் சங்கத்தின் உண்மை நிலை இருக்கிறது. ஒரு நாள் ராத்திரி சம்ப் மோட்டார் எரிந்துபோனால் அந்த வித்தியாசம் எல்லோருக்கும் தெரியும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தரைத்தளத்தில் தண்ணீர் நிற்கும்போது பம்புக்காரருக்கும் டீசலுக்கும் உடனே கொடுக்கக் கையில் இருக்கும் பணம்தான் பணம்.

‘கார்பஸ் ஃபண்ட் இருக்கிறதே’ என்று சிலர் கேட்பீர்கள். அதை வேண்டுமென்றேதான் கணக்கில் சேர்க்கவில்லை. அது பெயிண்ட் அடிக்க, லிஃப்டை மாற்ற, பெரிய ரிப்பேர் பார்க்க என்று நீண்ட காலத்துக்கு ஒதுக்கியது. மாதச் செலவுக்கு அதில் கை வைப்பது தாலிக்கொடியை வைத்து மளிகை வாங்குவது போல. ஒரு மாதம் வாங்கலாம், பழக்கமாக்கக் கூடாது.

ஆசிட் டெஸ்டுக்கும் ஓர் எல்லை உண்டு. அதையும் சொல்லாவிட்டால் பேச்சு முழுமையாகாது. உரைகல்லில் விழுவது நகையின் மேற்பரப்பு மட்டும்தான். தடிமனாக முலாம் பூசியிருந்தால் கோடு அசல் போலவே நிற்கும்.

கிளையில் ஒரு முறை ஓர் அம்மாள் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்காக ஒரு சங்கிலியும் ஒரு ஜோடி வளையலும் கொண்டுவந்தார். சங்கிலி சரியாக இருந்தது. வளையலின் கோடும் நன்றாகத்தான் நின்றது. ஆனால் எடை கையில் சரியாக உட்காரவில்லை என்று அப்ரைசருக்குச் சந்தேகம். ‘அம்மா, உள்பக்கம் கொஞ்சம் அரம் போட்டுப் பார்க்கலாமா?’ என்று கேட்டார். அவர் சம்மதித்தார். இரண்டு தேய்ப்பில் செம்பு தெரிந்தது. கவுன்டரில் அன்று நல்ல கூட்டம். அப்ரைசர் குரலை உயர்த்தவே இல்லை. அந்த அம்மாளைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, ‘இது முலாம் அம்மா. வாங்கின இடத்துல பில்லோட போய்க் கேளுங்க. சங்கிலிக்கு இன்னைக்கே கடன் ஆயிடும், கட்டணத்துக்கு அது போதுமா பாருங்க’ என்றார். அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது, ஆனால் தலைகுனிய வேண்டி வரவில்லை. பையன் கட்டணம் கட்டிவிட்டான். சோதனை எவ்வளவு கறாராக இருக்க வேண்டும், அதன் முடிவைச் சொல்லும் விதம் எவ்வளவு மென்மையாக இருக்க வேண்டும் என்பதை நான் அந்த மேசையில்தான் பார்த்தேன்.

இப்போது காலம் மாறிவிட்டது. 2021 ஜூனிலிருந்து தங்க நகைகளுக்கு ஹால்மார்க் படிப்படியாகக் கட்டாயமாகி வருகிறது. 22 காரட் என்றால் 24இல் 22 பங்கு, ஆயிரத்துக்கு 916. அதுதான் நீங்கள் பார்க்கும் 916. கூடவே எச்.யு.ஐ.டி. என்ற ஆறு இலக்க அடையாளம் இருக்கும். எழுத்தும் எண்ணும் கலந்து வரும். அதை பி.ஐ.எஸ். கேர் செயலியில் நீங்களே போட்டுப் பார்க்கலாம். எக்ஸ்ரே கருவியில் வைத்துத் தரம் பார்க்கும் கடைகளும் உண்டு. ஆனால் அந்தக் கருவியும் மேற்பரப்பைத்தான் படிக்கிறது. உள்ளே என்ன என்பதில் உறுதி வேண்டுமானால் இன்றும் உருக்கித்தான் பார்க்க வேண்டும். அதாவது, பழைய மண்கிண்ணத்துக்கே திரும்ப வேண்டும்.

கணக்கிலும் முலாம் உண்டு. மார்ச் 31ஆம் தேதிக்கு முன்னால் வந்த ஒரு பில்லைக் கணக்கில் ஏற்றாமல் ஏப்ரலுக்குத் தள்ளிவிட்டால் அன்றைய விகிதம் அழகாக இருக்கும். ஆகவே வருடத்தில் ஒரு நாள் கணக்கை மட்டும் உரசிப் பார்த்துத் திருப்தி அடையக் கூடாது. காலாண்டுக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். அதுதான் அரம் போடுவது.

நம்மிடையே மென்பொருள் துறைப் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கும் இந்தச் சொல் சொந்தம். இணைய உலாவிகள் விதிப்படி இயங்குகின்றனவா என்று பார்க்கும் சோதனைகளுக்கு ஆசிட் 1, ஆசிட் 2, ஆசிட் 3 என்று பெயர் வைத்தார்கள். மூன்றாவது 2008இல் வந்தது. பொற்கொல்லர் கிண்ணத்திலிருந்து கம்ப்யூட்டர் திரை வரை இந்தச் சொல் நடந்து வந்திருக்கிறது.

இனி நமக்கு வருவோம். அடுத்து நம் பொதுக்குழு கூடும்போது மெயின்டனன்ஸை உயர்த்துவதா வேண்டாமா என்று பேச்சு வரும். வழக்கம் போலக் குரல்களும் உயரும். அதற்கு முன்னால் மூன்று கேள்விகளை மட்டும் கேளுங்கள் என்பது என் வேண்டுகோள். கட்ட வேண்டிய எல்லா பில்லும் இன்றே வந்தால், கையில் இருக்கும் பணம் எத்தனை பங்குக்குப் போதும்? வர வேண்டிய பாக்கியில் ஒரு வருடத்துக்கு மேற்பட்டது எவ்வளவு? கடந்த வருடம் கார்பஸ் ஃபண்டிலிருந்து மாதச் செலவுக்கு ஏதாவது எடுத்தோமா? இந்த மூன்றுக்கும் பதில் ஒரு தாளில் அடங்கும். அந்தத் தாளைக் காலாண்டுக்கு ஒரு முறை அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் பாதிச் சண்டை தானே அடங்கும். கேட்பவரைப் பொருளாளர் சந்தேகக்காரர் என்று நினைக்க வேண்டாம். கேட்பவரும் பொருளாளரைக் குற்றவாளி போலப் பார்க்க வேண்டாம். நான் முன்பே சொன்னது போல இது அக்னிப் பரீட்சை அல்ல, உரைகல்லில் ஒரு கோடு. சம்பளம் இல்லாமல் நமக்காக வேலை செய்கிறவர்களுக்கு அந்தக் கோடு ஒரு பாதுகாப்பும்கூட.

பாக்கி வைத்திருக்கும் வீட்டு எண்களை வாட்ஸ்அப் குழுவில் போடலாம் என்று சிலர் சொல்வதுண்டு. அந்த அப்ரைசரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் வேலை போயிருக்கலாம், ஒரு வீட்டில் மருத்துவச் செலவு இருக்கலாம். பக்கத்தில் உட்கார வைத்துப் பேசி, தவணை போட்டுக் கொடுத்தால் வராத பணமும் வரும்.

திருக்குறளில் ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரம் உண்டு. பொறுப்பான வேலைக்கு ஆளைத் தேர்ந்தெடுப்பது பற்றியது. அதில் 505ஆம் குறளில் வள்ளுவர் ‘கட்டளைக்கல்’ என்ற சொல்லை வைத்திருக்கிறார். கட்டளைக்கல் என்றால் உரைகல். ஒருவர் பெரியவரா சிறியவரா என்று அறிய அவரவர் செய்யும் செயலே உரைகல் என்பது கருத்து. உறவும் பேச்சும் பட்டமும் அங்கே செல்லாது.

‘அவரவர் செயல்’ என்கிறாரே, அந்த இடத்தில்தான் வில்சன் கதை நமக்கு உதவுகிறது. பொதுக்குழுவில் எழுந்து நின்று சங்கத்துக்கு ஆசிட் டெஸ்ட் வைக்கும் ஒவ்வொருவரும், அந்த அமிலத்தின் முதல் சொட்டு தம் வீட்டு மெயின்டனன்ஸ் ரசீதின் மேல்தான் விழும் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். ரசீதைச் சரிபார்த்துவிட்டு வாருங்கள், கேள்விகளைக் கேளுங்கள். பதில் சொல்ல வேண்டியவர்கள் சொல்வார்கள்.